படி இல்லாத ஊர்

ஜனவரி 9

அன்புள்ள சகலைக்கு,

நானும் உங்கள் அண்ணியும் இங்கு சௌக்கியம். என் முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. அங்கே நீங்கள், சின்னவள், பாப்பா மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அச்சகத்து விலாசத்துக்குக் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதீர்கள். போனில் பேசலாம் என்றால் உங்கள் வீட்டில் மணி அடித்ததும் பாய்ந்து எடுப்பது சின்னவள். என் வீட்டிலோ, நான் யாரோடு பேசினேன் என்று தெரியாமல் பெரியவளுக்குச் சோறு இறங்காது. அதனால் இந்த வயதில் காதல் கடிதம் எழுதுகிறவன் மாதிரி லிஃப்ட் பட்டறையின் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் பட்டறைக்கே போடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி இந்த ஆண்டு இருபத்தைந்து வருடம். பெரியவளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் சின்னவளைக் கூட்டிக்கொண்டு அதே ஊருக்கு, அதே ஓட்டலுக்கு வந்துவிட வேண்டும். எதிரெதிரே நிற்கும்வரை இரண்டு பேருக்கும் தெரியக் கூடாது.

அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி உங்கள் பாப்பாவின் வயது ஆகிறது. மாமனார் படுக்கையில் விழுந்தபோது சின்னவள் நிறைமாதம். அவள் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் போன் பண்ணும்போதெல்லாம் பெரியவள், "அப்பா நல்லா இருக்கார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கச் சின்னவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. யார் சரி, யார் தப்பு என்ற வழக்குக்கு நான் போகவில்லை. கல்யாண வீடுகளில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார, நடுவில் நீங்களும் நானும் தூது போவது எனக்கு அலுத்துவிட்டது.

உலகத்து அழகான ஊரையெல்லாம் வருடா வருடம் காலண்டரில் அடித்துத் தள்ளுகிறவர் நீங்கள். ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள். சின்னவளுக்காகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பெரியவளுக்காகக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். அருங்காட்சியகத்தில் அட்டையில் எழுதியதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் நகர மாட்டாள் அவள். புருஷன் பெண்டாட்டி கைகோத்து நடக்கிற மாதிரியும் இருக்கட்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் விருட்டென்று கிளம்பிவிட முடியாத இடமாகப் பாருங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

பட்டறை மூலையிலிருந்து,
மூத்த சகலை


ஜனவரி 24

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அண்ணியின் நலத்தையும் உங்கள் முழங்காலின் நலத்தையும் எழுதவும்.

உங்கள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தார். வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அன்று முழுக்க என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அதனால் மாதம் ஒரு கடிதம் கட்டாயம் போடுங்கள்.

திட்டத்துக்கு நான் ரெடி. பாப்பாவை என் தங்கை பார்த்துக்கொள்வாள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். காலண்டரை நம்பி ஊரை முடிவு செய்யாதீர்கள். போன வருடம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய அந்த ஏரியின் நீலம் நான் ஏற்றிய நீலம். அசல் படத்தில் தண்ணீர் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. ஆகவே அங்கே போய் வந்த ஆட்களையே விசாரித்து நாலு ஊர் எடுத்திருக்கிறேன். வாய்க்கால்களும் வளைந்த பாலங்களுமாக ஒரு ஊர்; புதுசாகக் கல்யாணமானவர்கள் மொய்க்கிற இடம். மலைமேல் ஒரு கோட்டை ஊர். மரப்பாலமும் நீராவிப் படகும் உள்ள ஒரு ஏரிக்கரை ஊர். நாலாவது ஒரு தீவு. பழைய கலங்கரை விளக்கம், பாறை, கடல், நாளைக்கு ஒரே ஒரு படகு. என் ஓட்டு தீவுக்குத்தான். கோபித்துக்கொண்டு போவதென்றால் நீந்தித்தான் போக வேண்டும்.

நேற்று ஒரு பனிமலைப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சின்னவளிடம் காட்டி ஆழம் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்வளவு அழகான இடத்துல பேச ஆள் இல்லாம என்ன பண்றது?" என்றாள். நான் ஒருத்தன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது அவள் கணக்கில் வரவில்லை.

ஒட்டிய உறை போல வாயை மூடிக்கொண்டிருக்கும்,
இளைய சகலை


பிப்ரவரி 12

அன்புள்ள சகலைக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

தீவு நல்ல யோசனைதான். ஆனால் படகிலிருந்து கரைக்கு ஏணியில் ஏற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கலங்கரை விளக்கத்துக்கு உள்ளே சுற்றுப்படி. கோட்டை ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாலங்களின் ஊரில் பாலத்துக்குப் பாலம் ஏறி இறங்க வேண்டுமாம். படி இல்லாத ஊராகப் பாருங்களேன். லிஃப்ட் மெக்கானிக் கேட்கிறான் என்று சிரிக்காதீர்கள். என் முழங்காலை நினைத்துத்தான் கேட்கிறேன்.

நீங்கள் செய்தது போலவே நானும் பெரியவளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். மலை, கோட்டை என்றதும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, "கீழேர்ந்து பாத்தாலே அழகுதானே" என்றாள். ஒரு காலத்தில் என்னை இழுத்துக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை ஏறிச் சூரியன் மறைவதைக் காட்டியவள் இவள்.

சின்னவளுக்குத் தெரியாமல் பாப்பாவின் புகைப்படம் ஒன்று அனுப்புங்கள். பெரியவள் கேட்க மாட்டாள். ஆனால் வந்தால் வைத்துக்கொள்வாள்.

அன்புடன்,
மூத்த சகலை


பிப்ரவரி 27

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

எல்லோரும் நலம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டதால் படத்தில் சிரிக்க மறுத்துவிட்டாள். அந்த உம்மென்ற முகத்தையே இத்துடன் வைத்திருக்கிறேன். அசப்பில் அண்ணி.

தினம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுகிற முழங்கால், ஊர் சுற்றப் போனால் மட்டும் படி வேண்டாம் என்கிறதா? நல்ல முழங்கால். போகட்டும், ஏரிக்கரை ஊர் என்று வைத்துக்கொள்வோம். கரை நெடுகச் சமமான நடைபாதை, பத்தடிக்கு ஒரு பெஞ்சு. படகுக்கும் பலகை போட்டு நேராக நடந்து ஏறலாமாம். தண்ணீர் நீலமாக இருக்குமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

மே மாதக் கடைசியில் போகலாம். சின்னவளிடம், நல்ல வேலைக்காரன் என்று அச்சகத்தில் எனக்குப் பரிசு கொடுத்து அனுப்புகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கா என்று கேட்டுவிட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டியும் குளிருக்கு ஒரு கோட்டும் வாங்கிவிட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் காய் நறுக்குகிறாள்.

ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு அடுத்தடுத்த மேஜை கேட்டிருக்கிறேன். அவர்கள் இருவரும் முறைத்துக்கொண்டால் நாம் இருவரும் ரொட்டியைப் பார்த்துக் குனிந்துகொள்ளலாம்.

இளைய சகலை


மார்ச் 20

அன்புள்ள சகலைக்கு,

எல்லோரும் நலம்.

ஏரிக்கரை ஊரே இருக்கட்டும். டிக்கெட் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பட்டறையில் வேலை அதிகம். அந்த ஊரில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று விசாரித்து வைத்தால் தேவலை. வயதானவர்கள் போகிறோம் அல்லவா, அதற்காகக் கேட்டேன்.

பாப்பா படம் கிடைத்தது. சமையலறையில் இருக்கிறது.

மூத்த சகலை


ஏப்ரல் 26

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கு என்ன சமாசாரம் என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எழுதினேன், பதில் இல்லை. டிக்கெட் வாங்கலாமா என்று எழுதினேன், அதற்கும் இல்லை. நேற்று மனம் கேளாமல் அச்சகத்திலிருந்து உங்கள் பட்டறைக்குப் போன் பண்ணினேன். நீங்கள் லீவில் இருப்பதாகச் சொன்னார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், வீட்டில் உடம்பு சரியில்லை என்று இழுத்தார்கள்.

'வீட்டில்' என்றால் முழங்கால் இல்லை என்பது எனக்குத் தெரியும். கடிதத்தைக் கேலியாக எழுத இன்றைக்குக் கை வரவில்லை. உடனே எழுதுங்கள்.

இளைய சகலை


மே 4

அன்புள்ள தம்பி,

மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் முழங்கால் வெறும் சாக்கு. மூச்சு வாங்கியது பெரியவளுக்கு. குளிர்காலத்திலிருந்தே வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் பெயிண்ட் உரிந்திருப்பதைப் பார்ப்பது போல் பாவனை செய்வாள். நானும் நம்பியது போல் இருந்தேன். மார்ச்சில் சோதனை செய்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். இந்த மாதம் பதினெட்டாம் தேதி ஆப்பரேஷன். விமானமெல்லாம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால் அவளை அந்த ஏரிக்கரையில் தங்கையோடு ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதற்காகத்தான் திட்டத்தைக் கைவிடாமல் கடைசிவரை இழுத்துக்கொண்டிருந்தேன். நடக்கவில்லை.

சின்னவளுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள். "அவ மாசமா இருந்தப்ப அப்பாவைப் பத்தி நான் சொல்லல. இப்ப என் உடம்பைக் காட்டி அவளைக் கூப்பிட்டா அது நியாயமா? மன்னிச்சா தானா வரட்டும். பரிதாபப்பட்டு வர வேண்டாம்" என்றாள். உங்களிடம் எழுதுவதே சத்தியத்தை மீறுகிற மாதிரிதான்.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சின்னவளிடம் பயணம் தள்ளிப்போய்விட்டது என்று மட்டும் சொல்லுங்கள். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததும் நானே சொல்கிறேன். முடியாவிட்டால் என்ன சொல்வேன் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள்,
மூத்த சகலை


மே 10

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

என்னால் முடியவில்லை. சின்னவளிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன், தூங்குவது போல் படுத்தேன். அவள் புதுக் கோட்டுக்குப் பொத்தான் சரிசெய்துகொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு தடவை நல்ல எண்ணத்தோடு மறைத்து வைத்தது போதாதா, அதே பாவத்தை நல்ல எண்ணத்தோடு இன்னொரு தடவை நானும் செய்வதா என்று இருந்தது. அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் சின்னவள் உங்களையும் மன்னிக்க மாட்டாள், என்னையும் மன்னிக்க மாட்டாள். அதைவிட, தன்னை மன்னித்துக்கொள்ள மாட்டாள்.

மறுநாள் அவள் பாப்பாவின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உசிரோட இருக்காளா?" என்று கேட்டாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. இருக்கிறாள், வால்வு, பதினெட்டாம் தேதி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள். நேற்று என்றேன். "நேத்தே சொல்லியிருக்கணும்" என்றாள். அவ்வளவு சின்ன வாக்கியத்தில் நான் அத்தனை அடி வாங்கியதில்லை.

சிவப்புப் பெட்டியிலிருந்து கோட்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுச் சாதாரணச் சேலைகளை அடுக்கினாள். நாளைக் காலை ரயிலில் வருகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவாள். தரட்டும்.

அண்ணியின் சத்தியத்தை மீறியவன் நான்தான் என்று சொல்லுங்கள்.

இளைய சகலை


மே 25

பாப்பாவின் அப்பாவுக்கு,

அக்காவுக்கு ஆப்பரேஷன் முடிந்தது. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். வால்வு நன்றாக வேலை செய்கிறது. மூன்றாம் நாள் ஜுரம் வந்தது, பயந்துவிட்டோம். இப்போது இல்லை. நெஞ்சில் தையல் வலிக்கிறது. சிரித்தால் அதிகமாக வலிக்கிறது. மாமா இளைத்துப்போய் அவர் சட்டையை யாரோ மாட்டி வைத்த மாதிரி இருக்கிறார்.

வந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "பரிதாபப்பட்டு வந்தியா?" என்றாள். "இல்ல, சண்டை போட வந்தேன்" என்றேன். "இத்தனை வருஷமா நான் பேசாத பேச்செல்லாம் இருக்கு. நீ தப்பிச்சுப் போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போ."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்க்க, நான் சொன்னேன். வயிற்றில் பிள்ளையோடு படுத்துக்கொண்டு, அப்பா குணமாகிவிட்டார், எழுந்து நடப்பார், பிள்ளையைப் பார்க்க வருவார் என்று நான் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்ட ஒவ்வொரு நாளையும் சொன்னேன். நான் முடித்ததும், "சொல்லியிருக்கணும். அதுக்கு மேல என்கிட்ட பேச்சு இல்ல" என்றாள். உனக்காகத்தான், பிள்ளைக்காகத்தான் என்று ஆரம்பிப்பாள், அப்படியே எழுந்து வந்துவிடலாம் என்று இருந்தேன். அவள் ஆரம்பிக்கவில்லை. அவள் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. சீப்பை எடுத்து வாரிவிட்டேன்.

அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள். அதைத் தாங்கும் மூச்சு இப்போது அவளிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

உங்கள் இரண்டு பேர் ரகசியமும் ரொம்ப அழகு. மாமா உங்கள் கடிதங்களை ஒளித்து வைத்தது அவருடைய சாமான் பையில். அந்தப் பையில் தினம் சாப்பாட்டு டப்பா வைப்பது யார்? அக்காவுக்கு ஜனவரியிலிருந்தே எல்லாம் தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா நீ வர்ற எடத்துக்கு எப்படிப் போறது?" என்றாள். அவளைச் சிரிக்க வைக்கக் கூடாது என்பதால் நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன்.

பாப்பாவுக்கு இரட்டைச் சடை தெரியாவிட்டால் ஒற்றையாகவாவது போட்டுவிடுங்கள். நான் இன்னும் சில வாரம் இங்கேதான்.

சின்னவள்


ஆகஸ்ட் 17

அன்புள்ள சகலைக்கு,

இங்கு நான் நலம். பெரியவள் தேறிவருகிறாள். காலையில் தெருமுனை வரை நடக்கிறாள், மாலையில் மறுபடியும். மாத்திரை கசக்கிறது என்று தினமும் புகார் சொல்கிறாள். அந்தப் புகாரைக் கேட்க எனக்கு அவ்வளவு இனிக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு துக்கச் செய்தி. நம்மைக் கழற்றிவிட்டார்கள். அக்காவும் தங்கையும் தினம் போனில் மணிக்கணக்காகப் பேசி ஊரை முடிவு செய்துவிட்டார்கள். ஏரிக்கரை ஊர் வேண்டாமாம். பத்தடிக்கு ஒரு பெஞ்சு உள்ள ஊர் நோயாளிகளுக்காம். கோட்டை ஊருக்குப் போகிறார்களாம், இருவர் மட்டும். டாக்டரிடம் முறையிட்டேன். அக்டோபரில் விமானத்தில் போகலாம், நின்று நின்று ஏறினால் படியும் ஏறலாம் என்று அவரும் கட்சி மாறிவிட்டார்.

அந்த வாரம் நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் சமையுங்கள், நான் பாப்பாவுக்குச் சடை போடுகிறேன். லிஃப்ட் கம்பி முறுக்கிய கை, அதற்கு உதவாமல் போகாது.

விடுதலையான கைதி போல,
மூத்த சகலை


அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கும், பக்கத்தில் உட்கார்ந்து இதை எட்டிப் பார்க்கிற உங்கள் சகலைக்கும்,

நாங்கள் நலம். எனக்கு மாலையில் கொஞ்சம் கால் வீங்குகிறது. சின்னவளுக்கு ஜலதோஷம். கோட்டு அறையில் கிடக்க, காற்றில் வந்து நின்றால் வராமல் என்ன செய்யும்? பாப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

தம்பி, இந்த ஓட்டலுக்கு எழுதியபோதும் நீங்கள் பழைய கடிதத்தில் இருந்த 'புருஷன் பெண்டாட்டி' என்பதை மாற்ற மறந்துவிட்டீர்கள். எங்களுக்குக் கொடுத்தது புதுமணத் தம்பதிகளின் அறை. படுக்கையில் துண்டை இரண்டு அன்னப்பறவைகளாக மடித்து, சுற்றிலும் பூவிதழ் தூவியிருந்தார்கள். சாவி கொடுத்த பெண் ஏட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி ஏட்டைப் பார்த்தாள். சின்னவள் கொஞ்சமும் அசராமல் தலையணையில் வைத்திருந்த சாக்லேட் இரண்டையும் தின்றுவிட்டாள். ஊர் முழுக்க இளஞ்ஜோடிகள். எங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி ஆளாளுக்குக் கேமராவை நீட்டுகிறார்கள். எல்லாப் படத்திலும் சின்னவள் தலையை வெட்டிவிடுகிறாள்.

இன்று கோட்டைக்கு ஏறினோம். சின்னவள் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிப் போனாள். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வேடிக்கை பார்த்தாள். ஒன்றில் ஆறு ஓடுவது தெரிந்தது, ஒன்றில் ஊரின் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. மற்றதிலெல்லாம் பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் கல்சுவர். அதையும் நின்று பார்த்தாள். நான் வந்து சேர்ந்து, எனக்கு மூச்சு அடங்கிய பிறகே அடுத்த திருப்பத்துக்குப் போனாள்.

மேலே போனதும் எனக்கே நம்ப முடியவில்லை. நானா ஏறினேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மதில்மேல் இருவரும் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல் அட்டையில் இருந்த சரித்திரத்தைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தேன். எந்த ராஜா கட்டினான், எவன் இடித்தான் என்று கொஞ்ச தூரம் போனதும் சின்னவள் என் மடியில் கை வைத்து நிறுத்தினாள்.

"இது வேண்டாம்க்கா. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு. முதல் நாள்லேர்ந்து. ஒண்ணு விடாம."

இத்தனை வருடம் கழித்து என்னை அக்கா என்று அவள் கூப்பிட்டது அப்போதுதான்.

சொன்னேன். முதல் நாள் அவர் காபி டம்ளரைக் கீழே விட்டதிலிருந்து ஆரம்பித்தேன். என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எப்போது சிரித்தார், எப்போதெல்லாம் அவளைக் கேட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் நான் அழுதால் அவள் காத்திருந்தாள், அவள் அழுதால் நான் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் காவலாளி வந்து கதவைப் பூட்டும் நேரமாயிற்று என்று சைகை காட்டினார்.

இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. நாளைக்கு எங்களை வாய்க்கால் ஊருக்குக் கூட்டிப்போக வண்டி ஏற்பாடு செய்திருந்தீர்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நாளைக்கும் இந்தக் கோட்டைக்குத்தான் ஏறப் போகிறோம்.

அன்புடன்,
பெரியவள்